இரண்டாவது தொலைக்காட்சியில் படம் மங்குவது ஏன்?

நமது சங்கங்கள் பலவற்றில் இன்று இரண்டு தொலைக்காட்சிகள் இருக்கின்றன. ஒன்று அலுவலகத்திலோ கூட்ட அறையிலோ இருக்கும். மற்றொன்று, நெசவாளர் சங்கமாயின் தறிக்கூடத்திலும், விளைபொருள் விற்பனைச் சங்கமாயின் ஏலக் கொட்டகையிலும் இருக்கும். மாடியில் ஒரு டிஷ், அலுவலகத்தில் ஒரு செட் டாப் பாக்ஸ். அந்த ஒன்றிலிருந்தே இரண்டு தொலைக்காட்சிகளுக்கும் படம் செல்கிறது. சிக்கனத்தை முன்னிட்டுச் செய்யப்படும் இந்த ஏற்பாட்டில் தவறேதும் இல்லை. ஆனால் ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு: “அலுவலகத்தில் படம் பளிச்சென்று இருக்கிறது, எங்களுக்கு மட்டும் மங்கல்.”

இதை அற்பமான குறை என்று ஒதுக்குவதற்கில்லை. மழைக்காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்களால் எச்சரிக்கை விடுக்கிறது. மங்கிய திரையில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றுபோலவே தோன்றும்; அடியில் ஓடும் எழுத்து வரியில் மாவட்டத்தின் பெயரைப் படிக்க இயலாது. களத்தில் மக்காச்சோளத்தைக் காயவைத்திருப்பவருக்கும், தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துபவருக்கும் அந்த ஒரு வரி ஒரு நாள் உழைப்புக்குச் சமம். அன்றியும், பங்குத் தொகை செலுத்தியவர் யாவரும் சங்கத்தில் சமமானவர்கள். நிர்வாகத்தார் அமரும் அறையில் தெளிவும், உழைப்பவர் அமரும் கூடத்தில் மங்கலும் இருக்குமானால், இல்லாத பாரபட்சம் ஒன்று இருப்பதாக மனத்தில் பதிந்துவிடும்.

கண்டறியாமல் செலவழித்தல்

குறை எழுந்தவுடன் நிர்வாகக் குழுவினர் பெரும்பாலும் செய்வது, புதிதாக ஏதேனும் ஒன்றை வாங்குவதுதான். ஒரு சங்கத்தின் செலவுச் சீட்டுகளைப் பார்வையிட்டபோது, முதல் மாதத்தில் புதிய பாக்ஸ், அடுத்த மாதத்தில் பூஸ்டர், மூன்றாம் மாதத்தில் தொலைக்காட்சி பழுது பார்த்த கூலி என்று மூன்று செலவுகள் இருந்தன. படம் மட்டும் தெளியவில்லை. முடிவில் குற்றம் இருந்த இடம், கேபிளின் முனையில் தலைமயிர் பருமனுள்ள ஒரு கம்பி இழை. அதைச் சரிசெய்ய ஒரு கத்தியும் ஒரு கனெக்டருமே தேவைப்பட்டன.

குறை இருக்கும் இடத்தை அறிந்த பின்னரே பணத்தைச் செலவிட வேண்டும் என்பது கூட்டுறவின் பாலபாடம். இந்த விஷயத்தில் இடத்தை அறிவதற்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. படம் எவ்வழியாக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, ஒழுங்காகச் சோதித்தால் போதும்.

படம் வரும் வழி

கட்டணமின்றிப் பார்க்கக் கூடிய டி.டி. ஃப்ரீ டிஷ் சேவையை எடுத்துக்கொள்வோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட சேவை இது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து அலைகள் வந்து நம் டிஷ்ஷில் பட்டு, அதன் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவியில் குவிகின்றன. மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட அந்த அலைகளை எல்.என்.பி. ஏறத்தாழ 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அளவுக்குத் தணித்து, கேபிள் வழியாக பாக்ஸுக்கு அனுப்புகிறது. இதுவரை வருவது படமன்று. எண்களாக மாற்றப்பட்ட செய்தி. டிஜிட்டல் முறை என்று வழங்குவது இதனையே.

அந்த எண்களைப் பிரித்துப் படமாக்குவது பாக்ஸின் வேலை. அது படத்தை வெளியே தருவதற்கு இரண்டு மூன்று வழிகள் உண்டு. எச்.டி.எம்.ஐ. துவாரம் ஒன்று. மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறங்களில் உள்ள ஏ.வி. துவாரங்கள் மற்றொன்று. பழைய பாக்ஸ்கள் சிலவற்றில் ஆர்.எஃப். துவாரமும் இருக்கும்; இல்லாதவற்றுடன் மாடுலேட்டர் என்னும் சிறு பெட்டியைச் சேர்த்துக்கொள்வார்கள். முதல் தொலைக்காட்சி பாக்ஸின் அருகிலேயே இருப்பதால் எச்.டி.எம்.ஐ. வழியே படத்தைப் பெறுகிறது. தொலைவில் உள்ள இரண்டாவது தொலைக்காட்சிக்கு ஏ.வி. வழியாகவோ ஆர்.எஃப். வழியாகவோ நீண்ட கேபிள் இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு வழிகளிலும் செல்வது எண்களன்று. பழைய அனலாக் முறையில் அமைந்த மின்னலை. வழியில் நேரும் ஒவ்வொரு சேதமும் அப்படியே திரையில் தெரியும்.

வாய்க்கால் பாசனத்தைக் கொண்டு இதை உணரலாம். டிஷ் முதல் பாக்ஸ் வரை தலைமடை. பாக்ஸ் முதல் இரண்டாவது தொலைக்காட்சி வரை கடைமடை. தலைமடையில் நீர் நிறைந்து ஓடும்போது கடைமடை காய்ந்தால், எவரும் ஏரியைத் தூர்வார மாட்டார்கள். வாய்க்காலில் உடைப்பு எங்கே என்றுதான் தேடுவார்கள். முதல் தொலைக்காட்சியில் படம் நன்றாயிருக்கும்போது டிஷ்ஷைத் திருப்புவதும் பாக்ஸை மாற்றுவதும் ஏரியைத் தூர்வாருவதை ஒத்த காரியங்களே.

குற்றத்தின் வடிவமே குற்றத்தைச் சொல்லும்

துணியில் நீளவாட்டில் கோடு விழுந்தால் பாவிலோ அச்சிலோ குற்றம் என்றும், குறுக்கே பட்டை விழுந்தால் ஊடையில் குற்றம் என்றும் நெசவாளர் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை என்றும், குருத்திலை மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம் என்றும் விவசாயி சொல்வார். திரையில் தோன்றும் குறையையும் அவ்வாறே வாசிக்கலாம்.

படம் சதுரம் சதுரமாக உடைந்தாலும், அப்படியே உறைந்து நின்றாலும், சிக்னல் இல்லை என்ற எழுத்து வந்தாலும் குறை டிஜிட்டல் பகுதியில் இருக்கிறது. டிஷ் திரும்பியிருக்கலாம்; எல்.என்.பி.யில் நீர் புகுந்திருக்கலாம்; கனத்த மழை பெய்துகொண்டிருக்கலாம். அப்போது இரண்டு தொலைக்காட்சிகளிலும் ஒரே சமயத்தில் அக்குறை தெரியும்.

மாறாக, மணல் தூவினாற்போல் புள்ளிகள் நிறைந்திருந்தால் அலையின் வலு குறைந்திருக்கிறது. உருவத்தின் வலப்புறம் மங்கலான இரட்டை உருவம் தெரிந்தால் அலை கேபிளின் முனையில் மோதித் திரும்புகிறது. அகன்ற பட்டைகள் மெல்ல மேலோ கீழோ நகர்ந்தால் மின்சாரத்தின் இரைச்சல் கலந்திருக்கிறது. மீன்முள் போன்ற சாய்கோடுகள் வந்தால் வேறோர் அலை குறுக்கிடுகிறது. இந்த நான்கும் அனலாக் பகுதிக்கே உரியவை. இவற்றுள் எது தோன்றினாலும் செயற்கைக்கோளின் மீதோ டிஷ்ஷின் மீதோ பழி சொல்லக் கூடாது.

சோதிக்கும் முறை

சோதனைக்கு விதி ஒன்றே: ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமானது எதனால் என்பது விளங்காது. கனெக்டரைக் கழற்றுவதற்கு முன் பாக்ஸையும் தொலைக்காட்சியையும் மின்சாரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். டிஷ்ஷுக்குச் செல்லும் கேபிளில் எல்.என்.பி.யை இயக்குவதற்காக 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதன் நடுக்கம்பி வெளிப்பின்னலில் பட்டால் பாக்ஸ் பழுதாகக் கூடும்.

முதற்படியாக, முதல் தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டும். அதில் படம் தெளிவாயிருந்தால் டிஷ், எல்.என்.பி., பாக்ஸ் ஆகிய மூன்றும் குற்றமற்றவை. சோதனையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது படியாக, மங்கலான தொலைக்காட்சியைத் தூக்கி வந்து பாக்ஸின் அருகே வைத்து, அதே ஏ.வி. அல்லது ஆர்.எஃப். துவாரத்திலிருந்து 1 அல்லது 2 மீட்டர் நீளமுள்ள சிறு கேபிளால் இணைக்க வேண்டும். படம் தெளிந்தால் தொலைக்காட்சியும் நல்லது, பாக்ஸின் துவாரமும் நல்லது. குற்றம் நீண்ட கேபிளிலோ அதன் இணைப்புகளிலோதான். அருகில் வைத்தும் மங்கலானால் தொலைக்காட்சியிலோ, துவாரத்திலோ, மாடுலேட்டரிலோ, சேனல் பொருத்தத்திலோ குற்றம். சுவரில் பதித்த தொலைக்காட்சியைக் கழற்ற முடியாவிடில், முதல் தொலைக்காட்சியை மறுமுனைக்கு எடுத்துச் சென்று அதே கேபிளில் இணைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது படியாக, வழியில் ஸ்பிளிட்டர் இருந்தால் அதை விலக்கிவிட்டு, வரும் கேபிளையும் செல்லும் கேபிளையும் ஒரு ஜாயினரால் நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது படியாக, கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே தொடர்பு இருத்தலாகாது. மீட்டர் ஒலித்தால் இரண்டும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. பின்னர் ஒரு முனையில் இரண்டையும் வேண்டுமென்றே தொடச் செய்து, மறுமுனையில் பார்த்தால் மீட்டர் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிடில் கம்பி வழியில் அறுந்திருக்கிறது.

ஐந்தொகை பொருந்தாதபோது கணக்கைப் பாதியாகப் பிரித்து, பிழை எந்தப் பாதியில் என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பிரிக்கும் முறை நம் எழுத்தர்களுக்குத் தெரிந்ததே. மேற்சொன்ன நான்கு படிகளும் அம்முறையைச் சார்ந்தவையே.

காரணங்களும் பரிகாரங்களும்

காரணங்களுள் முதன்மையானது கேபிளின் முனை. வெளிப்பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும், கனெக்டர் தளர்ந்திருந்தாலும், களிம்பு பிடித்திருந்தாலும் படம் கெடும். முனையில் சில அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி, நல்ல கனெக்டர் பொருத்த வேண்டும். வெறும் கம்பியை முறுக்கி, மேலே டேப் சுற்றுவது இணைப்பாகாது. மழை படும் இடத்தில் இணைப்பு இருந்தால், நீர் பின்னலின் வழியே உள்ளே இறங்கும். பின்னல் கறுத்துப்போயிருந்தால் கறுத்த பகுதி முழுவதையும் நீக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, ஸ்பிளிட்டர். இரு கிளையுள்ள ஸ்பிளிட்டர் அலையின் வலுவை இரண்டாகப் பங்கிடுகிறது. ஒவ்வொரு கிளைக்கும் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். மூன்று, நான்கு கிளை உள்ளவற்றில் இன்னும் குறையும். வேண்டாத கிளைகள் உள்ள ஸ்பிளிட்டரை வைத்திருப்பது வீண். திறந்து கிடக்கும் கிளையிலிருந்து அலை திரும்பி வந்து இரட்டை உருவத்தை உண்டாக்கவும் கூடும். அத்தகைய கிளைக்கு 75 ஓம் மூடி இட வேண்டும்.

மூன்றாவது, கேபிளின் தரமும் நீளமும். ஆர்.ஜி.6 வகைக் கேபிளில் 500 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலை 30 மீட்டர் ஓடினால் அதன் வலு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். 100 மீட்டர் ஓடினால் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே மிஞ்சும். மெல்லிய ஆர்.ஜி.59 கேபிளில் இழப்பு இன்னும் மிகுதி. ஆகவே கேபிள் சுற்றி வளைத்துப் போகாமல் குறுக்கு வழியில் செல்ல வேண்டும். மிச்சத்தைச் சுருட்டி மூலையில் தொங்கவிடுதல் தகாது. ஏ.வி. வழியாக அனுப்புவோர், கடையில் கிடைக்கும் மெல்லிய மூவண்ணக் கம்பியை நீளமாக ஒட்டிப் போடாமல், மஞ்சள் துவாரத்திற்கு 75 ஓம் கேபிளையே உபயோகிக்க வேண்டும். மஞ்சள் துவாரத்தில் இரட்டைப் பின்னைச் செருகி இரண்டு தொலைக்காட்சிகளுக்கும் பிரித்தால் இரண்டிலும் படம் இருண்டுவிடும். முதலாவதற்கு எச்.டி.எம்.ஐ.யும் இரண்டாவதற்கு ஏ.வி.யும் கொடுப்பதே நலம். பல பாக்ஸ்கள் இரண்டையும் ஒரே சமயத்தில் தரும்.

நான்காவது, மின் கம்பியின் அருகாமை. மின்தறி, நூல் சுற்றும் இயந்திரம், பம்பு ஆகியவற்றின் மோட்டார்க் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்ட கேபிளில், மோட்டார் ஓடும்போது மட்டும் பொறிகளும் கோடுகளும் தோன்றும். மோட்டாரை நிறுத்தியவுடன் படம் தெளிந்தால் ஐயமே வேண்டாம். கேபிளைப் பிரித்து ஒரு முழமாவது தள்ளிக் கட்ட வேண்டும். மின் கம்பியைக் கடக்க நேர்ந்தால் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். மெல்ல நகரும் பட்டைகள் தோன்றினால், இரண்டு கட்டடங்களின் எர்த் இணைப்புகளுக்கிடையே உள்ள வேறுபாடு காரணமாக இருக்கலாம். இரண்டு கருவிகளையும் ஒரே மின்வழியில் இணைத்துப் பார்த்து, பட்டை மறைந்தால் தகுதி பெற்ற மின் பணியாளரைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். பட்டையை நீக்குவதற்காகப் பிளக்கிலுள்ள எர்த் பின்னை வெட்டுவோர் உண்டு. அது உயிருக்கே ஆபத்தானது. எக்காரணத்தாலும் அனுமதிக்கக் கூடாது.

ஐந்தாவது, சேனல் எண். ஆர்.எஃப். வழியாக அனுப்பும்போது மாடுலேட்டர் ஒரு சேனல் எண்ணில் படத்தை ஏற்றுகிறது. அதே அளவில் வேறோர் அலை உலவினால் சாய்கோடுகள் விழும். 21 முதல் 48 வரையில் வேறோர் எண்ணுக்கு மாற்றி, தொலைக்காட்சியிலும் மீண்டும் தேடிப் பதிய வேண்டும். அதற்கு மேற்பட்ட எண்களின் அளவு, கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்ட 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுவதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. படம் சரியாயிருந்து ஒலி மட்டும் இரைந்தால் மாடுலேட்டரில் பி.ஜி. முறை அமைந்திருக்கிறதா என்றும், படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பாக்ஸின் அமைப்பில் பால் முறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பூஸ்டர் எப்போது வேண்டும்?

மேற்கண்டவற்றைச் சரிசெய்த பின்னும், நீளத்தின் காரணமாகவே வலு போதாதிருந்தால் பூஸ்டர் பயன்படும். ஆனால் அதைத் தொலைக்காட்சியின் பக்கத்தில் வைப்பதால் பெரும்பயன் இல்லை. அங்கே வந்து சேரும் அலையோடு கலந்திருக்கும் இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கிவிடும். பாக்ஸின் பக்கத்தில், அலை இன்னும் தூய்மையாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் கலங்கிய பின் இறைப்பதைவிட, தெளிவாயிருக்கும் இடத்தில் இறைப்பது மேல் அல்லவா?

குற்றமல்லாத மங்கல்

சில இடங்களில் எல்லாம் சரியாயிருந்தும் படம் கூர்மையற்றுத் தோன்றும். ஏ.வி. வழியே செல்லும் படத்தில் 576 வரிகளே உண்டு. பழைய 21 அங்குலத் தொலைக்காட்சியில் அது அழகாகவே இருந்தது. 1,080 வரிகள் கொண்ட அகன்ற புதிய திரையில் அதையே விரித்தால் உருவங்களின் ஓரம் மழுங்கும். இருபதாம் நம்பர் நூலை நாற்பதாம் நம்பர்த் துணியின் மென்மையோடு ஒப்பிடுவது போன்றது இது. பழுது பார்த்தல் இதற்குப் பரிகாரமன்று. தெளிவு வேண்டுமாயின் எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வைத்து இரண்டுக்கும் எச்.டி.எம்.ஐ. வழியே படம் தரலாம். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. அதற்கு மேற்பட்ட தொலைவுக்கு, கணினி வலைக் கேபிளின் வழியே அனுப்பும் எக்ஸ்டெண்டர் கருவி கிடைக்கிறது.

ஒரே பாக்ஸிலிருந்து செல்லும் இரண்டு தொலைக்காட்சிகளிலும் ஒரே சேனல்தான் தெரியும். அலுவலகத்தில் செய்தியும் கொட்டகையில் வேளாண்மை நிகழ்ச்சியும் ஒரே நேரத்தில் வேண்டுமானால் இரண்டாவது பாக்ஸ் அவசியம். அப்போது டிஷ்ஷில் இரட்டை வெளியீடுள்ள எல்.என்.பி. பொருத்தி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் இழுப்பதே முறை.

நிர்வாகத்தார் கவனத்திற்கு

இனி எந்தச் சங்கத்திலாவது இக்குறை எழுமாயின், பொருள் வாங்குவதற்கான தீர்மானத்திற்கு முன்னால் மேற்சொன்ன நான்கு சோதனைகளும் செய்யப்பட்டனவா, விளைவு யாது என்பதை ஒரு தாளில் எழுதி நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும். பழுது பார்க்க வருபவரிடமும் அத்தாளைக் காட்டலாம்; வேண்டாத பொருளை வாங்கச் சொல்ல அவருக்கும் இடமிராது. கேபிள் எவ்வழியே செல்கிறது, இணைப்புகள் எங்கெங்கு உள்ளன என்று ஒரு சிறு வரைபடம் வரைந்து தளவாடப் பதிவேட்டோடு வைத்திருந்தால், பணியாளர் மாறினாலும் விவரம் மாறாது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன் புரட்டாசியிலேயே வெளி இணைப்புகள் யாவற்றையும் பார்வையிட்டுவிட வேண்டும். இடி மின்னலின்போது எவரும் மாடி ஏறக் கூடாது.

பொதுப் பணத்தில் வாங்கிய பொருள் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் அங்கத்தினருக்கும் பயன்பட்டால்தான் அது பொதுப் பொருள். தறிக்கூடத்தில் இருப்பவரும், ஏலக் கொட்டகையில் காத்திருப்பவரும், அலுவலகத்தில் இருப்பவரைப் போலவே மழைச் செய்தியைத் தெளிவாகப் படித்தல் வேண்டும். அதற்குத் தேவையானது பல இடங்களில் பெரும் பணமன்று. அரைமணி நேரப் பொறுமையும், ஒழுங்கான சோதனையுமே.